அடியில் சுடும் குளம்

பெட்டியை இப்படிக் கொடுங்கள் சார். இல்லை, நானே தூக்குகிறேன். நான் நொண்டுவதைப் பார்த்துத் தயங்குகிறீர்கள். இது பழைய நொண்டல் இல்லை, புதுசு. அதைப் பிறகு சொல்கிறேன். கார் அந்த வேப்பமரத்தடியில் நிற்கிறது. என் கார்தான். கல்லூரி வேனை அனுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. சுயம்புலிங்கம் வேண்டாம் என்றுவிட்டானாம். "கோயில்பிள்ளை போகட்டும், அவன் வழியில நாலு விஷயம் சொல்லுவான்" என்று பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, பிரின்சிபாலிடம். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோயில்பிள்ளை நான்தான். இயற்பியல் துறை. சுயம்புவும் அதே துறை. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். அன்று முதல் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. என் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் இன்று பார்க்க வந்திருக்கிற குளம் அவனுடையது. போர்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ரயிலில் தூங்கினீர்களா? முன்சீட்டிலேயே உட்காருங்கள். தூக்கத்தை ஏன் கேட்கிறேன் என்றால், தூக்கம் கெட்டவர் நல்லதாக எழுத மாட்டார். நீங்கள் எழுதப்போகிற ரிப்போர்ட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்பது இந்த ஊரில் எங்கள் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். 'தொடரலாம்' என்று எழுதினால் டெல்லியிலிருந்து இரண்டாம் கட்ட நிதி வரும், பெரிய குளம் வெட்டுவார்கள், அதன் சூட்டில் மின்சாரம் எடுத்து உப்பளத்து மோட்டார்களை ஓட்டுவார்கள், டீசல் மிச்சம். எழுதாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு எல்லாம் நின்றுவிடும். சுயம்பு இந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர் மேஜை சார். டிபன் பாக்ஸைத் திறப்பான், மூடுவான்.

நீங்கள் தமிழ் பேசுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெல்லி ஆள் என்றதும் இங்கிலீஷில் என்ன பேசுவது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள். நீங்கள் இறங்கினதும் "மாயவரம் பக்கம்" என்றீர்கள், ஒத்திகை எல்லாம் போய்விட்டது. தமிழில் பேசினால் உண்மை வந்துவிடும், அதுதான் கஷ்டம்.

இங்கே ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சர்க்கரை போடலாமா உங்களுக்கு? எனக்கு இல்லாமல். மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஊருக்கு வந்துவிட்டு மக்ரூன் சாப்பிடாமல் போகக் கூடாது. சுயம்பு உங்களுக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருப்பான். அவன் எல்லாவற்றையும் நினைவு வைத்துச் செய்வான். அது ஒரு குணம்.

சார், முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் பொறாமை என்று எங்கள் கல்லூரியில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காதுக்கும் வரும். யோசித்துப் பார்த்திருக்கிறேன். நிறைய யோசித்திருக்கிறேன். பொறாமை என்றால் இன்னொருவனிடம் இருப்பது நமக்கு வேண்டும் என்று நினைப்பது, இல்லையா? அவனிடம் இருக்கிற எதுவும் எனக்கு வேண்டாம். ஏசி இருக்கிறது. கருவிகள் கெட்டுப்போகக் கூடாது என்று திட்டத்தில் வாங்கினது. ஒரே அறை என்பதால் அந்தக் காற்று எனக்கும் வருகிறது. நான் என் ஃபேனைப் போட்டுக்கொள்வேன். ஏசியும் ஃபேனும் சேர்ந்து ஓடும். அவன் மேஜையில் காகிதமெல்லாம் பறக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஒரு உப்புக்கட்டியை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்துக்கொண்டு எழுதுவான். ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

போன வைகாசியில் சாத்தான்குளத்தில் என் மைத்துனர் மகள் கல்யாணம். பந்தியில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க அந்தக் குளத்து சார் கூட வேலை பாக்குறவுகதான?" என்று கேட்டார். என் சொந்த மைத்துனர் வீட்டுக் கல்யாணம் சார். அவருக்கு நான் இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று தெரியவில்லை, குளத்து சார் கூட இருக்கிறவன் என்று தெரிகிறது. அன்று பாயசத்தைத் தொடவில்லை. சர்க்கரை வியாதி என்று ஜெபமணி சொல்லிச் சமாளித்தாள். ஜெபமணி என் மனைவி.

போகலாமா? திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வலிக்கிறது, நீங்கள் பயப்படாதீர்கள், நன்றாகத்தான் ஓட்டுவேன்.

அதோ, உப்புப் பாத்திகள் ஆரம்பித்துவிட்டன. வெயில் ஏறிவிட்டால் இந்தப் பக்கம் கண்ணைத் திறக்க முடியாது, எல்லாம் வெள்ளை. அந்தப் புகைபோக்கிகள் அனல் மின் நிலையம். வருகிறவர்களிடமெல்லாம் சுயம்பு அதைக் காட்டி, "அது நிலக்கரியை எரிச்சுத் தண்ணியைச் சுட வைக்குது, நாங்க சும்மா இருந்து சுட வைக்கிறோம்" என்பான். சிரிப்பார்கள். உங்களிடமும் சொல்வான். சிரித்துவிடுங்கள், நன்றாகத்தான் சொல்வான்.

குளம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், வாத்தியார் இல்லையா. அடியில் கெட்டியான உப்புத் தண்ணீர். மேலே நல்ல தண்ணீர். வெயில் அடிவரைக்கும் இறங்கும். சாதாரணக் குளத்தில் சூடான தண்ணீர் மேலே வந்து ஆறிவிடும். இதில் உப்பின் கனம் அதை மேலே வர விடாது. அடியிலேயே கிடந்து வேகும். மேலே கை வைத்தால் சில்லென்று இருக்கும். அடியில் எழுபது டிகிரிக்கும் மேலே. உலகத்தில் இது ஏற்கெனவே இருக்கிறதுதான், அவன் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் உப்பு வாரின பிறகு வேண்டாம் என்று கொட்டுகிற கசப்புத் தண்ணீரை வைத்து, பாத்திக்குப் பக்கத்திலேயே, இந்த மண்ணைக்கொண்டே செய்யலாம் என்பதுதான் இங்கே புதுசு. அந்தப் புதுசுக்குத்தான் அரசாங்கம் பணம் கொடுத்தது.

அந்தப் புதுசு யாருடையது?

சொல்கிறேன். ஒரு ஐப்பசி மாதம். மழை பெய்து உப்பு வேலை முடிந்துவிட்டது. பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில். நானும் அவனும் சாயங்காலம் இந்த வரப்பில்தான் நடந்து வருகிறோம். தினமும் நடப்போம். என் காலில் சேறு. கழுவலாம் என்று ஒரு பாத்தியில் காலை விட்டேன். மேலே மழைத் தண்ணீர், சில்லென்று இருந்தது. கால் அடியில் போய் உட்கார்ந்ததும் சுட்டது. "வே, அடியில சுடுதுவே" என்றேன். நான்தான் சொன்னேன். அவன் நின்றுவிட்டான். "ஏன்வே சுடுது?" என்றான். "வெயில்ல கெடக்குற தண்ணி சுடாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். போண்டா போடுகிற நேரம், சூடாகக் கிடைக்கும். டீக்கடையில் உட்கார்ந்து நான் எனக்கும் அவனுக்கும் வாங்கி வைத்தேன். அவன் வரவே இல்லை. பார்த்தால் அந்த வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு சட்டைக் கையோடு தோள்வரைக்கும் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறான். போகிறவர் வருகிறவர் எல்லாம், சாருக்கு ஏதோ விழுந்துவிட்டது போல என்று பேசிக்கொண்டு போகிறார்கள். அவன் வந்து சேரும்போது போண்டா ஆறிவிட்டது. இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

இப்போது சொல்லுங்கள். சுடுகிறது என்று சொன்னவன் நான். ஏன் என்று கேட்டவன் அவன். கண்டுபிடித்தது யார்? என் கால் அன்று அந்தப் பாத்திக்குள் போகாமல் இருந்தால் அவன் கை போயிருக்குமா? நான் இதை எத்தனையோ தரம் எனக்குள்ளே போட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் எனக்கு ஜெயம். சில நாள் அந்த போண்டா வந்து குறுக்கே நிற்கிறது.

அவன் என்னை விட்டுவிட்டான் என்றும் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல். விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் அவன் பெயர். இணை ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர். பார்த்தேன். ஏன் எனக்கு இரண்டாவது என்று நான் கேட்கவில்லை, அப்படிக் கேட்கிறவன் இல்லை நான். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "அப்ப உம்ம பேரை முதல்ல போடுதேன். எனக்கு என்னவே, வேலை நடந்தாச் சரி" என்றான். அவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே சார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ கொடுத்து நான் வாங்கவா? வேண்டாம் என்றுவிட்டேன். ஜெபமணி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு, "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மூன்று வருஷம் ஆகப்போகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. தனியாக ஒரு விண்ணப்பம் போட்டேன், அதே அழைப்புக்கு. கடற்கரைப் பக்கத்து சூரிய மின்தகடுகளில் உப்புத் தூசி படிந்து மின்சாரம் குறைகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று. நல்ல விஷயம் சார் அது. இந்தப் பக்கம் எந்த மொட்டைமாடிக்கும் போய்ப் பாருங்கள், தகட்டில் விரலால் பெயர் எழுதலாம். புதுமை போதாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. நீங்கள்கூட அந்தக் கமிட்டியில் இருந்திருக்கலாம். இருந்தீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள். சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும் நான்.

அதே நாளில்தான் அவனுக்குக் கிடைத்த செய்தியும் வந்தது. அவன் என்னிடம் சொல்லவில்லை. முதலில் என் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று விசாரித்தான். இல்லை என்றேன். "அப்படியா" என்றான். அவ்வளவுதான். தனக்குக் கிடைத்ததைச் சொல்லவே இல்லை, எனக்கு பியூன் சொல்லித்தான் தெரியும். லட்டு வாங்கச் சொல்லி எல்லோரும் கேட்டார்களாம், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டானாம். யாருக்காக அந்த லட்டை நிறுத்தினான்? எனக்காக. நான் லட்டைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்தானா? சாதாரணமாக லட்டைக் கொடுத்திருந்தால் நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். இப்போது அந்த வராத லட்டு தொண்டையில் நிற்கிறது.

குளம் வெட்டினார்கள். களிமண் மிதித்தார்கள், தண்ணீர் கசியாமல் விரிப்பு போட்டார்கள், கசப்புத் தண்ணீரை நிரப்பினார்கள். காற்று அலை எழுப்பிக் கலக்கிவிடாமல் இருக்க மேலே மூங்கில் சட்டங்களை மிதக்க விட்டார்கள். நான் போகவே இல்லை. திறப்பு விழாவுக்கு எனக்குக் காய்ச்சல். ஆனால் பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், சர்க்கரைக்காக. எங்கே நடப்பது? கடற்கரையில் நடக்கலாம்தான், பார்க்கில் நடக்கலாம்தான். எனக்குப் பழகின வரப்பு இது. அதனால் அதிகாலையில் ஸ்கூட்டரில் வந்து இங்கேதான் நடக்கிறேன். கையில் ஒரு வெப்பமானி கொண்டு வருவேன். கயிற்றில் கட்டி, கீழே ஒரு ஈயக்குண்டு. அவன் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கத்தான். அரசாங்கப் பணம் இல்லையா? எனக்கும் வரி பிடிக்கிறார்கள்.

சரியாகத்தான் காட்டின.

ஒரு நாள் இரண்டு டிகிரி இறங்கியிருந்தது. அன்று எனக்கு நல்ல பசி. ஜெபமணியிடம் இன்னும் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் வகுப்பில் பாடம் நடத்தும்போது, மேல்தண்ணீர் குறைந்திருக்குமோ, பம்ப் ஆள் சரியாகத் திறந்துவிடவில்லையோ என்றே ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஆளைக் கூப்பிட்டு விசாரித்தேன். குழாயில் பாசி அடைத்திருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னேன். மறுநாள் ஏறிவிட்டது. சார், நான் மறைக்காமல் சொல்கிறேன், கயிற்றை இழுக்கும்போது எந்த எண் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏறியிருந்தால் வயிறு எரிகிறது. இறங்கியிருந்தால் பயமாக இருக்கிறது. இது என்ன வியாதி? டாக்டரிடம் கேட்டால் சர்க்கரை என்பார்.

இனி இந்தக் காலைச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெபமணி கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அன்று காதை அடைக்கிற மாதிரி வீசியது. பார்க்கிறேன், குளத்தின் வடகிழக்கு மூலையில் முத்துக்கனி நிற்கிறாள். பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிற அம்மா. நல்ல மனுஷி, சுயம்புவிடம் மரியாதை. கையில் உப்பு வாருகிற பலகை, நீளக் கம்பு போட்டது.

உங்களுக்குப் புரிகிறதா சார்? உப்பளத்தில் பாத்தியைச் சும்மா விட மாட்டார்கள். அடியில் உப்பு இறங்க ஆரம்பித்தால் தினமும் பலகையால் கலைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாறையாக இறுகிவிடும். கலைக்காத பாத்தி என்றால் அந்த வீட்டில் விளக்குமாறு படாத வாசல் மாதிரி, பார்க்கிறவர்கள் கேவலமாகப் பேசுவார்கள். சுயம்புவின் குளத்து அடியிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அது படியத்தான் வேண்டும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? தொடக் கூடாது என்று அவன் தன் ஆட்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். பக்கத்து அளத்துக்காரிக்குச் சொல்லவில்லை. டெல்லியிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்பது மட்டும் அவள் காதுக்குப் போயிருக்கிறது. உங்களுக்காகத்தான் சார். உங்களுக்காகக் குளத்தைப் பெருக்க வந்திருக்கிறாள்.

முழுசாகக் கலக்கிவிட்டால் முடிந்தது கதை. மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் ஒன்றாகிவிட்டால் சூடு அன்றைக்கே போய்விடும். திரும்ப அடுக்கி, அடியில் சூடு ஏற மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் வருகிற அன்று வெறும் உப்புத் தண்ணீரைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

நான் என்ன செய்திருக்கலாம்? அதைத்தான் படுக்கையில் கிடந்தபோதெல்லாம் யோசித்தேன். நான் வரப்பில் நடக்கிறவன். திரும்பி நடந்திருக்கலாம். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். நான் அங்கே இருந்தேன் என்பதே ஒருவருக்கும் தெரியாது. யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பலகை தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். கத்தினேன். காற்றில் கேட்கவில்லை. ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். அடியிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது. அதற்கப்புறம் ஓடினது மட்டும்தான் ஞாபகம். இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. கம்பைப் பிடித்து வெளியே இழுத்தேன், கரை சரிவு, விரிப்பு வழுக்கியது, இடது காலோடு குளத்துக்குள்ளே போய்விட்டேன்.

சார், இடுப்பில் சில்லென்று இருந்தது. முழங்காலில் இதம். கணுக்காலில் நெருப்பு. ஒரே காலில் மூன்று ஊர். வழுக்கி வழுக்கி மேலே ஏறுவதற்குள் பாதத்திலிருந்து கெண்டைக்கால்வரை வெந்துவிட்டது. அவள் பலகையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுக்கிறாள், அழுகிறாள். "டெல்லியில இருந்து ஆளு வாராவளாம்ல சார். பாத்தி இப்படிக் கெடந்தா சாருக்குல்லா அசிங்கம்" என்கிறாள். அவள் ஒரு இழுப்புதான் இழுத்தாள். நான் விழுந்து கலக்கினதுதான் அதிகம். அந்த மூலை முழுக்க என் உபயம்.

ஆஸ்பத்திரிக்கு சுயம்பு வந்தான். முதலில் குளத்துக்குத்தான் போயிருப்பான் என்று நினைத்தேன். இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காலைப் பார்த்தான். "ரொம்ப எரியுதாவே?" என்றான். நான் குளத்தைப் பற்றிச் சொன்னேன், வடகிழக்கு மூலை, இவ்வளவு ஆழம்வரை கலங்கியிருக்கும், மெதுவாக அடியில் கெட்டித் தண்ணீர் ஏற்று, அவசரப்பட்டால் மற்ற இடமும் கெடும் என்று. சரி சரி என்று தலையை ஆட்டினான். பிறகு சாயங்காலம் போய் நான் சொன்ன மாதிரியே செய்திருக்கிறான். முத்துக்கனியை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் அவள் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள், வெந்த காலுக்கு ஊறுகாய்.

நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு கேள்வி சார். ஞாயிற்றுக்கிழமை, கோயில் நேரம், நீ எதற்கு அங்கே போனாய்? கேட்டானா? இல்லை. இதுவரைக்கும் கேட்கவில்லை. வெப்பமானி அவன் வரப்பில்தான் கிடந்தது, கயிறும் குண்டுமாக. அதைத் துடைத்து என் மேஜையில் வைத்திருக்கிறான். அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். முப்பது வருஷ சண்டை அது, உள்ளேயே கிடக்கிறது. அவன் கேட்டால்தானே?

அதோ வந்துவிட்டோம். அந்தத் தகரக் கேட்டுக்கு அந்தப் பக்கம். போர்டு தெரிகிறதா? மூன்று மொழி. நடுவில் தமிழ்.

என்ன கேட்டீர்கள்? இருங்கள், காரை நிறுத்திவிடுகிறேன்.

எழுதித் தர முடியுமா என்றா?

யோசனை யாருடையது என்பதில் தகராறு இருக்கிறது என்று நான் எழுத்தில் கொடுத்தால் நீங்கள் கமிட்டிக்கு வைத்தே ஆக வேண்டும். சரி. விசாரிப்பார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். அந்த ஐப்பசி மாதத்தை, என் காலை, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். சரி. அதுவரை நிதி? நிற்கும். எத்தனை மாதம் ஆகும்? சொல்ல முடியாது. ஆமாம், அதை யாராலும் சொல்ல முடியாது.

மூன்று வருஷமாக சார், இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். பிரின்சிபால் கேட்கவில்லை. ஜெபமணி கேட்கவில்லை. நீங்கள் ரயிலில் வந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, பேனாவை எடுத்து நீட்டுகிறீர்கள். நல்ல பேனா.

நிதி நின்றால் பம்ப் நிற்கும். இப்போது கச்சான் காலம். மேலே நல்ல தண்ணீர் விட ஆள் இல்லையென்றால் காற்று முதலில் மேல்தண்ணீரைக் குடிக்கும், பிறகு கலக்கும். முத்துக்கனியின் பலகைகூட வேண்டாம். உங்கள் கமிட்டி என்னைக் கூப்பிடுவதற்குள் மேலே எவ்வளவு உப்போ அதே உப்பு அடியிலும், மேலே எவ்வளவு சூடோ அதே சூடு அடியிலும். கையை விட்டால் ஒன்றும் தெரியாது. நூறு பாத்தியில் அதுவும் ஒரு பாத்தி.

பேனாவை வையுங்கள் சார்.

அவனுக்காக இல்லை. அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்காக நான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டேன்.

அதோ வருகிறான். பாருங்கள், உங்களை வரவேற்க வருகிறவன் கையில் மாலை இல்லை, சால்வை இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அது உங்களுக்கு இல்லை. எனக்கு. காலை எதன்மேலாவது தூக்கி வைக்க வேண்டும், தொங்கப் போட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் மறந்துவிட்டேன், இவன் மறக்கவில்லை. இப்படித்தான் சார் இவன் என்னைக் கொல்கிறான்.

இறங்குங்கள். நடைபலகையில் பார்த்துக் கால் வையுங்கள். முதலில் மேலே கை வைத்துப் பார்க்கச் சொல்வான். வருகிறவர்கள் எல்லோரும் "குளிர்ச்சியாக இருக்கிறதே" என்பார்கள், நீங்களும் சொல்வீர்கள். பிறகு கருவியைக் காட்டுவான். அது பொய் சொல்லாது, நான் பார்த்திருக்கிறேன். வடகிழக்கு மூலையையும் கட்டாயம் அளந்து பாருங்கள். அங்கே குறைந்திருந்தால் அது குளத்தின் குறை இல்லை, என் கால். அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதினால் கூடவே இதையும் எழுதுங்கள். அந்தக் குளத்தின் அடியை உடம்பால் தொட்டவன் நான் ஒருவன்தான். சுயம்பு தொட்டதில்லை.